கசிவதற்கு நேரம்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் சென்ற தை மாதம் ஒரு மணிவிழா. பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி வளவில் உட்கார்ந்திருந்தோம். விழா நாயகர் எனக்குப் பள்ளியில் ஆறு வகுப்பு மூத்தவர். அண்ணன் என்று கூப்பிட்டே பழகிவிட்டது. மலேசியாவிலும் சென்னையிலும் தொழில். பிள்ளைகள் மூவரும் நிலைத்துவிட்டார்கள். அறுபதைத் தொட்டவர்களுக்கு வருகிற ஆசை அவருக்கும் வந்திருந்தது: ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும். கோயில் திருப்பணி செய்தாகிவிட்டது, ஊருணிக்கும் படி கட்டியாகிவிட்டது. அடுத்தது என்ன என்று யாரோ கேட்டதற்கு, “பல்கலைக்கழகம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “வள்ளல் அழகப்பர் ஒரே ஒரு தவறுதான் செய்தார், தம்பி. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். அந்த நிலத்தையும் ஆராய்ச்சி நிலையத்தையும் கையில் வைத்திருந்தால், அதுவே வளர்ந்து இந்நேரம் நம் ஊரில் ஒரு தனியார் பல்கலைக்கழகமாக நின்றிருக்கும். நான் அந்த வழியில்தான் போகப் போகிறேன். முதலில் ஓர் ஆராய்ச்சி மையம். அதைக் காட்டி நாலைந்து வருடத்தில் பல்கலைக்கழகம்” என்றார்.

கல்லூரியையும் ஆராய்ச்சி நிலையத்தையும் தந்த அழகப்பச் செட்டியாரைத் தவறு செய்தவர் என்று காரைக்குடி வட்டாரத்தில் உரக்கச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். மணிவிழா நாளாக இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் “கையில் வைத்திருந்தால்” என்ற அந்தச் சொல், பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் துணுக்கு மாதிரி மாதக்கணக்கில் உறுத்திக்கொண்டிருந்தது. என் அப்பா அந்த ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்தச் சம்பளத்தில் வளர்ந்தவன் என்பதால் கோபம் வந்தது என்று முதலில் நினைத்தேன். கோபம் தணிந்த பிறகும் உறுத்தல் போகவில்லை. அண்ணன் சொன்னதில் பாதி சரியாகவும் இருக்கக்கூடும் என்பதுதான் தொல்லை.

300 ஏக்கர்

ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான், கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி நிலையத்துக்காக வள்ளல் கொடுத்தது 300 ஏக்கர் நிலம், 15 லட்சம் ரூபாய். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, குடியரசுத் துணைத்தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது முழுப்பெயர். ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? பஸ்ஸில் ஏறி “சிக்ரி ஒன்று” என்றால் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். நிலையம் திறந்து நான்கே ஆண்டுகளில், 1957ல், 48 வயது நிறைவதற்குள் வள்ளல் போய்விட்டார்.

அவர் 1947ல் தொடங்கிய கல்லூரி வேறு வழியில் வளர்ந்தது. அதைச் சுற்றிப் பல கல்லூரிகள் முளைத்து, 1985ல் மாநில அரசின் சட்டத்தால் அழகப்பா பல்கலைக்கழகம் பிறந்தது. ஒரே கை நட்ட இரண்டு கன்றுகளில் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று, ஆராய்ச்சி நிலையம் ஆராய்ச்சி நிலையமாகவே நின்றது. இரண்டும் அரசிடம் போயின. அண்ணனின் வருத்தம் அதுதான். செட்டிநாட்டில் கொடுக்காமல் பிடித்துவைத்த கதையும் இருக்கிறது என்று அவருக்கு நான் அன்றே நினைவுபடுத்தியிருக்க வேண்டும். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929ல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமானது. நிறுவியவரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதன் நிர்வாகத்தில் இருந்தது. கடைசியில் பணநெருக்கடி முற்றி, 2013ல் அரசு எடுத்துக்கொண்டது. கொடுத்ததும் அரசிடம், வைத்திருந்ததும் அரசிடம். யார் கையில் இருந்தது என்பதை வைத்து மட்டும் இதைப் பேச முடியாது என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது அங்கேதான்.

அண்ணன் சட்டத்தையும் படித்துவைத்திருந்தார். தமிழ்நாட்டின் 2019 தனியார் பல்கலைக்கழகச் சட்டம் ஒரே தொடர்ச்சியாக 100 ஏக்கர் கேட்கிறது. அதைக் குறைப்பதற்கு 2025ல் ஒரு திருத்த மசோதா வந்தபோது எழுந்த எதிர்ப்பு பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். “பார்த்தாயா, வள்ளலிடம் மூன்று பல்கலைக்கழகத்துக்கு இடம் இருந்திருக்கிறது” என்றார். வட்டிக் கணக்கில் வளர்ந்தவர்களிடம் எதைச் சொன்னாலும் வகுத்துப் பார்த்துவிடுவார்கள்.

அப்பாவின் கண்ணாடி

அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். உதவியாளராகச் சேர்ந்து, கண்ணாடி ஊதும் பிரிவில் ஒரு பெரியவரிடம் தொழில் பழகினார். மின்சாரத்துக்கும் வேதிவினைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் மின்வேதியியலுக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் நகராது. கரைசலை ஊற்ற ஒரு பாத்திரம் வேண்டும், அதில் மின்முனைகளை இறக்கத் தனித்தனி வாய்கள் வேண்டும், சில வேளை இரண்டு அறைகளும் நடுவில் நுண்துளைக் கண்ணாடித் தட்டும் வேண்டும். ஆங்கில எச் எழுத்தைப் போலிருக்கும் அதை எச்-செல் என்பார்கள். கடையில் கிடைப்பது எதுவும் ஒத்துவராது. ஒவ்வோர் ஆராய்ச்சியாளரும் ஒரு தாளில் படம் வரைந்துகொண்டு அப்பாவிடம் வந்து நிற்பார்கள். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்த மூலையில் கழுவ முடியாது, அழுக்குத் தங்கும்” என்பார். முனைவர் பட்டம் வாங்கியவர் அந்த மூலையை அழித்துவிட்டு வேறு மாதிரி வரைவார்.

வேலை செய்யும்போது ஊதா நிறக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொள்வார். சுடரில் கண்ணாடிக் குழாயைக் காட்டினால் மஞ்சளாய் ஒரு வெளிச்சம் எழும்பி வேலையை மறைக்கும். அந்த மூக்குக் கண்ணாடி அந்த மஞ்சளை மட்டும் விழுங்கிவிடும். சின்ன வயதில் எனக்கு அது மந்திரமாக இருந்தது. அதைவிட எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. ஊதி முடித்த பிறகு உடனே கொடுத்துவிட மாட்டார். சூளையில் வைத்து, சூட்டைப் படிப்படியாகக் குறைத்து, இரவு முழுக்க ஆறவிடுவார். அவசரமாக ஆறிய கண்ணாடி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இறுக்கம் நிற்கும். ஒரு வாரம் கழித்து மேசையில் சும்மா இருக்கும்போதே விரிசல் விடும். விரிந்தால் அன்றைய சோதனை மட்டும் போகாது, அதற்கு முன் எடுத்த எண்களையும் நம்ப முடியாமல் போய்விடும் என்பார்.

ராமேசுவரம் போகும் வழியில் மண்டபம் என்ற ஊரில் அந்த நிலையத்துக்கு ஓர் அரிமானச் சோதனைக் களம் உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து, எது எவ்வளவு துருப்பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். பாம்பன் பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்னும் வேகம் மிகக் கடுமையானது. ஆனாலும் தகடு தன் இஷ்டத்துக்குத்தான் துருப்பிடிக்கும். இந்த மாதக் கடைசிக்குள் அறிக்கை வேண்டும் என்றால் அதற்குத் தெரியாது. “சம்பளம் கொடுத்துத் துருவைப் பார்க்க உட்காரவைத்திருக்கிறார்கள்” என்று உறவினர் ஒருவர் கிண்டல் செய்தபோது அப்பா கோபப்படவில்லை. “ஆமாம், பாலம் விழாமல் இருக்கிறதே” என்றார்.

மூன்றாவது மாடி

மே மாதம் மகள் பிளஸ் டூ முடித்தாள். எல்லா வீட்டையும் போலவே எங்கள் வீட்டிலும் கையேடுகள் குவிந்தன. வெளியூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். பஸ் அனுப்பி, சாப்பாடு போட்டு, பெற்றோரைச் சுற்றிக்காட்டினார்கள். நீரூற்று, நீச்சல் குளம், கண்ணாடிச் சுவர் போட்ட நூலகம். மூன்றாவது மாடியில் ‘உயர் ஆராய்ச்சி மையம்’ என்று பித்தளை எழுத்துப் பலகை. ‘இந்த ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரைகள்’ என்று பக்கத்தில் ஓர் எண் மின்னிக்கொண்டிருந்தது, பங்குச்சந்தைப் பலகை மாதிரி.

எங்களைச் சுற்றிக்காட்டியவர் வேதியியல் துறையின் உதவிப் பேராசிரியர், முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயதிருக்கும் பெண். மனப்பாடமாக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே மின்வேதியியல் கருவி ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஒரு கண்ணாடிச் செல். பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தேன். ஆலையில் செய்த அழகான கண்ணாடி. மூடியில் வைத்திருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. “இது காற்று வாங்குமே” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பேச்சை நிறுத்தினார். என்னை முதல் முறையாகப் பார்த்ததுபோல் பார்த்து, “சார், நீங்கள் எந்த ஊர்?” என்றார். காரைக்குடி என்றேன். அப்பாவின் வேலையையும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. ஆய்வு மாணவியாக சிக்ரியில் இருந்தவராம். மற்ற பெற்றோர் நீச்சல் குளத்தைப் படம் எடுக்க முன்னால் போய்விட்டார்கள். அவர் அங்கேயே நின்று பேசினார். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க ஒரு வினையூக்கி செய்துகொண்டிருந்தாராம். முதல் மாதத்திலேயே அருமையான மின்னோட்டம் வந்தது. தூங்கவில்லை, வீட்டுக்குப் போன் செய்து சொன்னார். எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, செல்லின் மூடி நூலளவு கசிந்து, வெளிக்காற்றின் ஆக்சிஜன் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அளந்த மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த ஆக்சிஜனுடையது. வினையூக்கி சுமாரானதுதான். “அழுதுகொண்டே போய்ச் சொன்னேன், சார். என் வழிகாட்டி ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இனிமேல் எங்கே கசியும் என்று உனக்குத் தெரியும் இல்லையா, போய் வேலையைப் பார் என்றார். அவ்வளவுதான். யாரும் அந்த எட்டு மாதத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை.”

“இங்கே?” என்று கேட்டேன்.

மின்னிக்கொண்டிருந்த எண்ணைத் திரும்பிப் பார்த்தார். வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பு, சேர்க்கைக் காலத்தில் இந்தச் சுற்றிக்காட்டும் வேலை, அதற்கு நடுவில் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று ஓர் இலக்கு. “இங்கே கசிவதற்கு நேரம் கிடையாது, சார். முதல் மாதம் நல்ல எண் வந்தால் அதை எழுதி அனுப்பிவிடுவோம். மூடியைக் கழற்றிப் பார்க்க மாட்டோம்.” சொல்லிவிட்டு, சொன்னதற்காகப் பயந்தவர் போல, விடுதி வசதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். திரும்பும்போது அந்த ரப்பர் வளையத்தை விரலால் ஒரு முறை அழுத்திவிட்டுத்தான் வந்தார்.

மகள் பிறகு வேறு ஊரில் கணினி அறிவியல் சேர்ந்தாள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கோழி

வீட்டுக்கு வந்ததும் தேடத் தொடங்கினேன். அண்ணன் சொன்ன வழியில், தனியார் பணத்தில் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது உலகத்தில் எங்காவது உண்டா? உண்டு. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகம். எண்ணெய்ச் செல்வர் ஜான் ராக்ஃபெல்லரின் பேரக்குழந்தை 1901ல் செங்காய்ச்சலில் இறந்தது. அதே ஆண்டு அவர் மருத்துவ ஆராய்ச்சிக்கென ஒரு நிலையத்தை நிறுவினார். முதலில் ஒப்புக்கொண்டது பத்தாண்டுக்கு 2 லட்சம் டாலர்தான். பெரிய மூலதனம் பின்னால் வந்தது. மாணவர் இல்லை, வகுப்பு இல்லை, பட்டம் இல்லை. ஆய்வுக்கூடங்களும், 1910ல் திறந்த ஒரு மருத்துவமனையும்தான்.

அங்கே பெய்ட்டன் ரவுஸ் என்ற இளைஞரிடம், மார்பில் கட்டி முளைத்த கோழி ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். செட்டிநாடாக இருந்தால் அந்தக் கோழியின் ஆராய்ச்சி அன்று மதியத்தோடு முடிந்திருக்கும். ரவுஸ் கட்டியை அரைத்து, உயிரணுக்கள் எதுவும் புகமுடியாத அளவுக்கு நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் புற்று வந்தது. வைரஸால் புற்றுநோய் வரக்கூடும் என்பதை 1911ல் எழுதினார். பெரும்பாலோர் நம்பவில்லை. நோபல் பரிசு வந்தது 1966ல், அவருக்கு 87 வயதானபோது. மரபுச் செய்தியைச் சுமப்பது டிஎன்ஏ என்று ஏவரியும் அவருடைய கூட்டாளிகளும் 1944ல் காட்டியதும் அதே நிலையத்தில்தான். இவ்வளவுக்குப் பிறகு, 1955ல்தான் முதல் மாணவர்களைச் சேர்த்தார்கள். 1959ல் முதல் முனைவர் பட்டங்கள். பல்கலைக்கழகம் என்ற பெயர் 1965ல். இன்றும் அங்கே துறைகள் கிடையாது, ஆய்வுக்கூடங்கள்தான். மாணவர் கட்டணம் கட்டுவதில்லை. அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள்.

காரைக்குடியும் ஒரு விதத்தில் அந்த இடத்துக்கு வந்துதான் இருக்கிறது. சிக்ரி போன்ற நிலையங்களில் ஆய்வு செய்கிறவர்களுக்கு முனைவர் பட்டம் தருவதற்கென்றே நாடாளுமன்றச் சட்டத்தால் ஒரு கழகம் அமைத்துவிட்டார்கள். அதன் தலைமையகம் காசியாபாத்தில். அந்த ஆராய்ச்சியாளர்களே அதன் பேராசிரியர்கள். பெயர்ப்பலகையைப் பெரிதாக மாற்றாமல் ஓர் ஆராய்ச்சி நிலையம் பாதிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஊரில் பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

கட்டளை

ஆடி மாதம் அண்ணனைப் பார்க்கப் போனேன். பட்டாலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பேராசிரியையின் கதை உட்பட. அவர் முதலில் பிடித்துக்கொண்டது ஒரே ஓர் எண்ணை. “1901ல் தொடங்கி 1955ல் மாணவரா? 54 வருடம். எனக்கு 114 வயதாகிவிடும், தம்பி.”

சிரித்தோம். ஆச்சி காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணன் உடனே பேசவில்லை. பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை, இத்தனை மாதம் நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. “சரி, 54 வருடம் மாணவன் இல்லையென்றால் கட்டணமும் இல்லை. சம்பளம் எங்கிருந்து வந்தது?”

“வட்டியிலிருந்து” என்றேன். “மூலதனத்தைத் தொடாமல், அதன் வருமானத்தில்.”

“கட்டளை” என்றார் அவர், சட்டென்று. கோயிலுக்கு ஒரு கால பூசைக்குக் கட்டளை வைப்பவர்கள் நிலத்தையோ முதலையோ எழுதிவைத்துவிடுவார்கள். அதன் வருமானத்தில் விளக்கு எரியும். அன்றைக்குக் கூட்டம் வந்ததா, தட்டில் காசு விழுந்ததா என்று பார்த்து யாரும் விளக்கேற்றுவதில்லை. நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்தான் எனக்கு விளக்கினார். கட்டணத்தில் நடக்கிற இடம் ஒவ்வொரு பருவத்திலும் தட்டைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மூடியைக் கழற்ற நேரம் கொடுத்தால், அந்த எட்டு மாதச் சம்பளத்தை யாரோ ஒரு மாணவனின் அப்பா கட்ட வேண்டும். அவர் ஏன் கட்டுவார்? சிக்ரியில் அதை அரசாங்கம் கட்டியது, நியூயார்க்கில் வட்டி கட்டியது. வள்ளல் கொடுத்துவிட்டுப் போனதை அண்ணன் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. நானும் பார்த்ததில்லை. அரசாங்கத்திலும் கோப்புக்குள் துருப்பிடிக்கும் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டோம். அது வேறு துரு.

அப்போது அவரே தெருவைக் காட்டி, ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொன்னார். இதே கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். ரோஜா என்பது அவருடைய கடையின் பெயர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் 50,000 நூல்களும் இதழ்களும் வீட்டில் இருந்தன. ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் 1992ல் இறந்த பிறகு, 1994ல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது. இன்று அது சென்னையில் நூலகமாக இருக்கிறது. “நம் ஊரில் தானாக முளைத்த ஆராய்ச்சி மையம் அதுதான். அதற்குக் கட்டளை வைக்க அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை” என்றார். சிகாகோ பல்கலைக்கழகமும் ராக்ஃபெல்லர் பணத்தில் பிறந்ததுதான் என்று நான் சொன்னதும், அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

மணிவிழா அழைப்பிதழ்கள் இன்னும் ஒரு கட்டு மீதமிருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பி, சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார். பத்து ஆராய்ச்சியாளர்கள், இரண்டு உதவியாளர்கள் என்று எழுதினார். யோசித்து, “கண்ணாடி ஊதுகிறவர் ஒருவர் வேண்டும் இல்லையா?” என்றார். அவரையும் எழுதிக்கொண்டார். மாணவர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். வங்கி வட்டி ஏழு என்று வைத்துக்கொள்ளலாமா, விலைவாசிக்குக் கொஞ்சம் ஒதுக்கி ஐந்தே என்று வைக்கலாமா என்று தனக்குள் கேட்டுக்கொண்டு ஐந்து என்று எழுதினார். கூட்டி, பெருக்கி, முதல் எவ்வளவு போட வேண்டும் என்று கீழே வந்த தொகையைப் பார்த்தார். எனக்குக் காட்டவில்லை. அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “ஆச்சி, இன்னும் ஒரு காப்பி” என்று உள்ளே குரல் கொடுத்தார்.